சலேத்தம்மா நின்று பேசினார்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடையில் உட்கார்ந்து பழுதான குழாய் ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மைக் செட் கடை வைத்திருப்பவன் நான். ஜெயங்கொண்டம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் சாலையைக் கடந்து கடைக்குள் வந்தார். வரதராஜன்பேட்டை அருள்ராஜ், சலேத்தம்மாவின் தங்கை மகன்.

"நாளைக்கு ஒரு செட்டு வேணும்ணே. குழாய் ரெண்டு போதும்."

"என்னா விசேஷம்?"

"பெரியம்மா போயிட்டாங்க. இன்னைக்கு விடியக்காலம்."

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். அருள்ராஜ் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செட்டு உங்களுதுதான் வரணும்னு எப்பவோ சொல்லி வச்சிருந்தாங்க. ஜெயங்கொண்டத்துலயே எடுத்திருப்பேன். ஆனா பெரியம்மா கோச்சுக்குவாங்களேன்னு பஸ் ஏறிட்டேன்" என்றார்.

இறந்துபோனவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து இவ்வளவு தூரம் வந்த அவரைப் பார்த்து எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அழுகை பிறகு வந்தது. சலேத்தம்மா விஷயத்தில் அதுவே சரியான வரிசை என்று நினைக்கிறேன்.

அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் ஒரு பத்திரிகையில் மூன்று வரிச் செய்தி வந்தது. 'முன்னாள் நாடக டான்ஸ் நடிகை மரணம்' என்று தலைப்பு. நான் இதை எழுத உட்கார்ந்ததற்குத் துக்கம் பாதிக் காரணம், அந்தத் தலைப்பு மீதிக் காரணம். அவர் ஆடினார் என்பது உண்மை. பத்து வருஷம் போல ஆடினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் மேடையில் தனியாக நின்றார். பக்கவாத்தியம் கிடையாது, ஜோடி கிடையாது, வேஷம் கிடையாது. நின்று பேசினார், ஊர் சிரித்தது. திருச்சி ஜில்லாவின் இந்த வடக்கு மூலையில் ஒரு பெண் அப்படிச் செய்தார் என்பதை அந்த மூன்று வரி விழுங்கிவிட்டது. விழுங்கியதைக் கக்க வைக்கவே எழுதுகிறேன். அவரை நேரில் கேட்டவர்கள் நான் சொல்வதில் தப்பிருந்தால் கடைக்கு வந்து திருத்தலாம்.

முழுப்பெயர் சலேத்துமேரி. வரதராஜன்பேட்டைக்காரர். அப்பா அடுத்தவர்களுடைய முந்திரித் தோப்புகளில் காவல் இருந்தவர். வீட்டிலிருந்த அத்தனை பேரும் கொட்டை உடைத்தார்கள். முந்திரிக்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்து கறுத்துப்போகும். அவருடைய விரல் நுனிகள் கடைசிவரை அப்படித்தான் இருந்தன. "எனக்கு ரேகையே கெடையாது தம்பி. எந்தப் பத்திரத்துலயும் என்னை மாட்ட முடியாது" என்பார். கல்யாணம் ஆன மறுவருஷம், மலேசியாவுக்குப் போகிறேன் என்று கிளம்பிய புருஷன் திரும்பவில்லை. யாராவது அதைப் பற்றி இரக்கமாகக் கேட்டால், "அவரு இன்னும் போய்ச் சேரலை போலருக்கு. சேந்தா தகவல் வரும்" என்று முடித்துவிடுவார். சோற்றுக்காக நாடகக் குழுவில் சேர்ந்தார்.

எங்கள் பக்கத்து நாடகங்களில், கதை தொடங்குவதற்கு முன் பபூனும் டான்ஸ்காரியும் வந்து கூட்டத்தைச் சூடேற்றுவார்கள். பபூன் கேலி செய்வார். அவளுடைய நிறம், உயரம், நடை, அவளைப் பெற்றவர்கள் என்று எதையும் விடமாட்டார். டான்ஸ்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெட்கப்பட வேண்டும். அவளுக்குச் சம்பளம் கொடுத்ததே அதற்குத்தான். சலேத்தம்மாவை நான் முதலில் பார்த்ததும் அப்படி வெட்கப்பட்டபடிதான். அவர் இருந்த குழுவுக்குப் பல தடவை செட் போட்டிருக்கிறேன். நல்ல உயரம், நல்ல கறுப்பு. வெட்கம் அவருக்குச் சரியாக வராது. தலையைக் குனிந்தாலும் கண் மட்டும் நிமிர்ந்தே இருக்கும்.

எழுபதுகளின் நடுவில், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலாளர்களின் காலனியில் ஒரு விழா. காலனியில் எல்லாரும் விடியற்காலையில் வேலைக்குப் போகவேண்டியவர்கள் என்பதால் நாடகத்தைப் பொழுது சாயும்போதே தொடங்கிவிட்டார்கள். பபூன் கலியமூர்த்தி பெரிய உடம்புக்காரர், நல்ல குரல்காரர். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஏம்மா, உங்காத்தா என்னத்தைத் தின்னுட்டு உன்னைப் பெத்தா? இப்படி அடுப்புக்கரியா வந்து நிக்கறே?"

இந்த இடத்தில் சலேத்தம்மா முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். மூடவில்லை. மைக்குக்கு முன்னால் வந்தார்.

"எங்காத்தா திங்க ஒண்ணும் இல்லாமப் பெத்தாங்க. உங்காத்தா இருந்ததை எல்லாம் தின்னுட்டுப் பெத்தாங்க போல. அதான் நீங்க பேசறதெல்லாம் செரிக்காததாவே வெளிய வருது."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி கெக்கலித்தார். பிறகு மொத்தக் காலனியும் சிரித்தது. பகலெல்லாம் கல் உடைத்துச் சுண்ணாம்புத் தூசியோடு வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். கலியமூர்த்தி விடவில்லை. இன்னும் மூன்று நான்கு கேலிகளை எடுத்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. கடைசியில் அவர் தன் கோமாளிக் குல்லாயைக் கழற்றி ஆர்மோனியத்தின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதை நான் பார்த்தேன். கலைஞன் கலைஞன்தான்.

சிரிக்காதவர் நாடக ஏஜெண்ட் ஒருவர்தான். மேடைக்குப் பின்னால் வைத்துச் சொன்னார்: "நாளைலேருந்து நீ வர வேணாம். பபூனை அவமானப்படுத்தற டான்ஸ்காரியை எவன் கூப்புடுவான்?"

சலேத்தம்மா சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "பத்து வருஷமா அவரு என்னை அவமானப்படுத்துனாரு. அவரைக் கூப்புட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க" என்றார்.

அந்த வாரமே என் கடைக்கு வந்தார். தலையை அள்ளி முடிந்து, சாதாரண நூல் சேலை கட்டியிருந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, எனக்கு ஒரு மைக்கு, ஒரு லைட்டு வேணும். ஆர்மோனியம், டோலக்கு எதுவும் வேணாம். நான் மட்டும் நின்னு பேசப்போறேன்."

"நின்னு பேசுனா மீட்டிங்கு. ஆடிப் பாடுனா நாடகம். இது என்னாக்கா, நான் போர்டுல என்னான்னு எழுதறது?"

"சிரிப்புன்னு எழுதுங்க. வந்து பாத்துட்டு அழுதா என்கிட்ட கேளுங்க."

அப்படித்தான் எழுதினேன். 'வரதராஜன்பேட்டை சலேத்துமேரி – சிரிப்பு.' முதல் மேடையைக் கொடுத்ததும் அதே காலனிப் பெண்கள்தான். பிறகு கல்யாண வரவேற்பு, காதுகுத்து, மாதா கோயில் தேர்த்திருவிழா, செட்டிகுளத்துப் பங்குனி உத்திரக் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போனோம். என் அம்பாஸடர் காரின் மேல் ஸ்பீக்கர், முன்சீட்டில் அவர். எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் அவரைக் கேட்காத ஊர் குறைவு.

அவர் எப்படிப் பேசினார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கேட்டவர்களுக்கு நினைவிருக்கும், கேட்காதவர்களுக்கு வேறு வழியில்லை.

மைக்கை வாய் உயரத்துக்கு வைக்கவிட மாட்டார். கழுத்துக்குக் கீழே இறக்கச் சொல்வார். "மொகத்தை மறைக்குது தம்பி. நான் சிரிக்கலைங்கறது அவங்களுக்குத் தெரியணும்." உண்மையில் மேடையில் அவர் சிரித்து நான் பார்த்ததேயில்லை. கத்த மாட்டார். பக்கத்து வீட்டுக்காரியிடம் உலைக்கு அரிசி கேட்கிற குரல். சொல்ல வேண்டிய சொல்லுக்கு முன்னால் ஒரு நிறுத்தம் வரும். முதல் தடவை அந்த நிறுத்தத்தில் மைக் போய்விட்டது என்று பதறி நான் ஒயரைத் தட்டிப் பார்த்தேன். மேடையிலிருந்தே என்னைப் பார்த்துச் சொன்னார்: "மைக்கு நல்லாத்தான் இருக்கு, செல்வராசு. நான்தான் யோசிக்கறேன். பொம்பளை யோசிச்சு நீங்க பாத்ததில்லையா?" அன்றைக்கு மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான் வந்தது. பிறகு அதை அவர் நிகழ்ச்சியிலேயே சேர்த்துக்கொண்டார். நானும் ஒவ்வொரு ஊரிலும் வேண்டுமென்றே ஒயரைத் தட்டினேன்.

பேசியதெல்லாம் நம் ஊர் சங்கதிதான். எங்கள் சாலையைப் பற்றிச் சொல்வார்: "அரியலூர்ல ஏறும்போது அவ புள்ளைத்தாச்சி. பெரம்பலூர்ல எறங்கும்போது புள்ளைக்காரி. கண்டக்டரு வாசல்ல நின்னுக்கிட்டு, புள்ளைக்கு டிக்கெட்டு எங்கேங்கறாரு." அந்தக் கண்டக்டரின் குரல், பிரேக் போட்டதும் முன்னால் சரிகிற கூட்டம், கூடையிலிருந்து கோழி தப்பிப்பது எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே கொண்டுவருவார். பெண் பார்க்க வந்த கதையைச் சொல்வார்: "பொண்ணுக்குப் பாடத் தெரியுமான்னு கேட்டாங்க. பாடுனேன். ஆடத் தெரியுமான்னு யாரும் கேக்கலை. கடைசில ஆடித்தான் சோறு தின்னேன். பாட்டை இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கலை." இதற்குச் சிரித்த பெண்கள் சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைப்பார்கள். எதற்காகத் துடைத்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

சில கேலிகளை அவர் தொடவே மாட்டார். ஒருவருடைய நிறம், ஊனம், சாதி, தாலி இல்லாத கழுத்து ஆகியவை பற்றி ஒரு சொல் வராது. தன்னைத் தானே கேலி செய்துகொள்வதும் கிடையாது. ஒருமுறை கேட்டேன், சொந்தக் கேலியில் யாருக்கும் மனத்தாங்கல் வராதே என்று. "என்னை நானே கேலி பண்ணிக்கிட்டா, எனக்கு எதிரா இன்னொரு ஆளுதானே கூடுது? ஏற்கெனவே இருக்கற ஆளு போதும்" என்றார்.

இப்போது ஒரு ஊரின் கதைக்கு வருகிறேன். பெரம்பலூருக்குத் தெற்கே இருக்கிறது. பெயர் சொல்லவில்லை, இன்று அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு இதில் பங்கு கிடையாது. அம்மன் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். செலவை ஏற்றிருந்தவர் ஊரின் பெரிய நிலக்காரர். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் எங்களைத் தன் வீட்டு முற்றத்துக்கு வரவழைத்து மோர் கொடுத்தார். நல்லபடியாகத்தான் பேசினார்.

"நம்ம பண்ணையில மருதைன்னு ஒருத்தன் இருக்கான். திக்குவாயன். அவனை மேடைக்கு ஏத்தறேன். அவனை வச்சு ஒரு அரை மணி நேரம் ஓட்டும்மா. ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கும்."

சலேத்தம்மா மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். "எனக்கு அது வராதுங்க" என்றார்.

"உனக்கு எது வருமோ அது அப்புறம். மொதல்ல இது." அதோடு எழுந்துகொண்டார்.

நிகழ்ச்சி பாதியில் இருக்கும்போது இரண்டு பேர் மருதையைக் கையைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். நாற்பது வயது இருக்கும். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். முன்வரிசையிலிருந்து, "பேரைக் கேளும்மா" என்று நிலக்காரர் குரல் கொடுத்தார்.

சலேத்தம்மா மைக் ஸ்டாண்டைத் தூக்கி மருதைக்கு முன்னால் வைத்தார். "அண்ணே, உங்க பேரு என்னாங்க?"

மருதை "ம்... ம..." என்று தொடங்கினார். முன்வரிசை வெடித்துச் சிரித்தது. பின்னாலும் சிரித்தார்கள். சலேத்தம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிரிப்பு அடங்கியது. அடங்கிய பிறகும் நின்றார். கூட்டம் நெளியத் தொடங்கியது. மருதை மெதுவாக, திக்கித் திக்கி, தன் பெயரை முழுவதும் சொல்லி முடித்தார். சலேத்தம்மா தலையசைத்துவிட்டு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"நான் இன்னும் ஜோக்கே சொல்லலை. அதுக்குள்ள எதுக்குச் சிரிச்சீங்க?"

முன்வரிசைக்காரர்கள் நிலக்காரர் முகத்தைப் பார்த்தார்கள்.

"இப்ப சொல்றேன், கேளுங்க. மருதை அண்ணனுக்கு நாக்குதான் திக்குது. இந்த ஊர்ல சில பேருக்குக் கூலி குடுக்கையில கையே திக்குது."

மேடைக்கு எதிரே இருந்தவர்கள் அசையவில்லை. ஆனால் கூட்டத்தின் கடைசியில், வேலியை ஒட்டி, பண்ணையாட்கள் நின்றிருந்தார்கள். அங்கிருந்து எழுந்த சிரிப்பை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அடக்கிவைத்த இருமல் போலத் தொடங்கிப் பெரிதாகிக்கொண்டே போனது.

நிலக்காரரின் ஆள் ஒருவன் வந்து என் ஆம்ப்ளிஃபையரைக் காலால் உதைத்துத் தள்ளினான். ஒயரைப் பிடுங்கினான். மைக் செத்தது. சலேத்தம்மா மேடை விளிம்புக்கு வந்தார். மைக் இல்லாமல் அவர் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "கூலி விஷயத்தைப் பேசினா ஒயரைப் புடுங்கறாங்க. அப்ப ஒயரு வழியாத்தான் கூலி போகுது போல" என்று சொல்லி வணக்கம் வைத்துவிட்டு, மருதையின் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டு, தானும் இறங்கினார். கல் விழுந்தது. ஒன்று அவர் தோளில் பட்டது. காரில் ஏறியதும், "ஆம்ப்ளிஃபையரு பொழைக்குமா தம்பி?" என்று கேட்டார். தோளைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து நிலக்காரரின் கணக்குப்பிள்ளை என் கடைக்கு வந்தார். அம்மன் கோயில் முன்னால் சலேத்துமேரி ஊரார் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் சுற்றுப்பட்டில் எந்த ஊரும் அவளைக் கூப்பிடாது, அவளுக்கு செட் போடுகிறவனையும் கூப்பிடாது. இதுதான் செய்தி.

வரதராஜன்பேட்டைக்குப் போய் அவரிடம் சொன்னேன். முற்றத்தில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உடைத்தார்.

"மன்னிப்பு கேக்கணும், அது வாஸ்தவம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மருதை அண்ணன்கிட்ட கேக்கணும். அவரைக் கேக்காம அவரு பேரை மேடையில கேட்டுட்டேன்ல. வண்டி எடுங்க."

அந்த ஊருக்கே போனோம். பட்டப்பகல். தெரு நடுவில் நடந்து, நிலக்காரர் வீட்டைத் தாண்டி, குடியானத் தெருவையும் தாண்டி, ஏரிக்கரை ஓரத்திலிருந்த மருதையின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றார். மருதையின் மனைவி பாயை விரித்தார். மருதை பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை. இதுவரை தன் பேச்சைக் கடைசிவரை காத்திருந்து கேட்டவர்கள் இல்லை என்றும், அன்றைக்கு ஊரே காத்திருந்தது என்றும், அதுவரை மேடையிலிருந்து இறங்காமல் நின்றது தனக்கே ஆச்சரியம் என்றும் சொன்னார். நாங்கள் கிளம்பும்போது தெருமுனை வரை கூடவே வந்தார்.

நிலக்காரர் சொன்னபடியே செய்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்காக அவரைப் பாராட்டலாம். திருவிழாக் கமிட்டிகள் ஒவ்வொன்றாக எங்களை நிறுத்தின. எனக்குக் கல்யாண வீட்டு வேலைகூட வரவில்லை. வீட்டில் என் மனைவி ருக்மணியிடம், சலேத்தக்காவுக்குக் கொஞ்ச நாள் வேறு யாராவது செட் போடட்டுமா என்று யோசனையாகக் கேட்டேன். ருக்மணி அவருடைய நிகழ்ச்சியை ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே, "மைக்கு யாருது?" என்றாள். "நம்மளுது." "அப்ப அதுல யாரு பேசணும்னு அந்த ஊர்க்காரரு எதுக்குச் சொல்றாரு?" என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இரண்டு மூன்று வருஷம் அப்படிப் போனது. சலேத்தம்மா பகலில் கொட்டை உடைத்தார். கிடைத்த இடத்தில் பேசினார். சுண்ணாம்புக்கல் காலனி கைவிடவில்லை. அவருடைய ஊர் மாதா கோயில் திருவிழாவில், டான்ஸ் ஆடிய பெண்ணுக்கு இங்கே மேடையா என்று சிலர் முணுமுணுத்தார்கள். பங்குச் சாமியார், "பேசட்டும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். மேடையேறியதும் சலேத்தம்மா அவரையும் விடவில்லை: "சாமி பிரசங்கம் பண்ணும்போது தூங்கினவங்களை எல்லாம் எழுப்பிவிடத்தான் எனக்கு எடம் குடுத்திருக்காரு." சாமியார் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தடையை உடைத்தது யார் தெரியுமா? எந்தத் தலைவரும் இல்லை, எந்தச் சங்கமும் இல்லை. வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் அறுவடை முடிந்த ஒரு வயலில், களத்து வேலை செய்தவர்கள் தாங்களே வரி போட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். பொழுது இறங்கும் நேரம். அம்பது நூறு பேர் வருவார்கள் என்று ஒரே குழாய் கட்டினேன். தெற்கே இருந்து மண் பாதையில் மாட்டு வண்டிகள் வரத் தொடங்கின. தடை போட்ட அதே ஊர்ப் பெண்கள். வண்டி வண்டியாக வந்து இறங்கி, வைக்கோலைப் பரப்பி உட்கார்ந்தார்கள். கடைசி வண்டிக்குக் கூண்டும் திரையும் இருந்தன. அதில் வந்தவர் நிலக்காரரின் மருமகள்.

எனக்குக் கை பரபரத்தது. மேடை ஏறப்போனவரிடம், "அக்கா, அந்தக் கூண்டு வண்டியைப் பாத்தீங்களா? இன்னைக்கு நல்லாக் குடுங்க" என்றேன். திரும்பி என்னைப் பார்த்தார். "வாசலுக்கு வந்தவளை நிக்க வச்சுத் திட்டறதா? அவ யாருக்குத் தெரியாம வந்தாளோ, என்ன பொய் சொல்லிட்டு வந்தாளோ. அவளைச் சிரிக்க வுடுங்க" என்றார். அன்று நிலக்காரரைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பஸ், கோழி, கண்டக்டர், பெண் பார்த்த கதை, அவ்வளவுதான். நிகழ்ச்சி முடியும் முன்பே கூண்டு வண்டியின் திரை முழுவதுமாக மேலே சுருட்டப்பட்டிருந்தது. அடுத்த வருஷத் திருவிழாவுக்கு அந்த ஊர்க் கமிட்டியே ஆள் அனுப்பியது. பெண்கள் வீட்டில் கேட்டார்களாம். மற்ற ஊர்களும் பின்னாலேயே வந்தன.

கேசட் காலம் வந்தபோது திருச்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். குரலைப் பதிவு செய்து ஜில்லா முழுக்க விற்கலாம் என்றார்கள். எல்லாம் பேசி முடித்து, கடைசியில் ஒருவர் தயங்கித் தயங்கி, "கொஞ்சம் ரெட்டை அர்த்தம் கலந்தா நல்லா ஓடும்மா" என்றார்.

"எனக்கு ஒத்தை அர்த்தம் சொல்லவே ஆயுசு பத்தலைங்க" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அதனால் அவர் குரல் எந்தக் கேசட்டிலும் இல்லை. பலர் என்னிடம் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. கேசட் வந்திருந்தால் அவர் பெயரில் வேறு யாரோ எழுதிய அசிங்கம்தான் இன்று டீக்கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசி இரண்டு வருஷம் தொண்டையில் நோய். திருச்சி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்லவர். சோதித்துவிட்டு, "அம்மா, இனிமே நீங்க பேசவே கூடாது" என்றார்.

சலேத்தம்மாவுக்கு அப்போதே பாதிக் குரல்தான் இருந்தது. அந்தப் பாதியில் சொன்னார்: "பேசாதேன்னு இதுக்கு முன்னாடி நெறைய பேரு சொல்லியிருக்காங்க டாக்டரு. மருந்தோட சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தார். திரும்பும் வழியில் காரில் அவர், ஒரு சிரிப்பு கூட வீணாகாமல் பார்த்துக்கொண்டோம் என்பது போல, "அந்தப் புள்ளை சிரிச்சுச்சுல்ல?" என்று கிசுகிசுப்பாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. நான் போனால் பேசுவோம். நான் பேசுவேன், அவர் கையால் சொல்வார், முடிந்தால் கிசுகிசுப்பார். அப்படி ஒருநாள் ஏதோ பேச்சில் சொன்னதை இங்கே பதிய வேண்டும். "சிரிக்க வைக்கறது எங்க தொழிலு. சிரிக்காம இருக்கறது உங்க கையில இருக்கு. உங்க சிரிப்பை யாரு கேட்டாலும் சும்மா தூக்கிக் குடுத்துடாதீங்க." அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரிப்பு என்பது தானாக வருவதுதானே, அதில் கொடுப்பதென்ன, மறுப்பதென்ன என்று நினைத்தேன்.

போன வாரம் பெரம்பலூரில் வியாபாரிகள் கூட்டம் ஒன்றுக்கு செட் போட்டிருந்தேன். சிறப்பு விருந்தினர் வெளியூர், செல்வாக்கானவர். அவர் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தட்டில் டீ எடுத்துக்கொண்டு மேடையேறினாள். கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பவள். அவர் பேச்சை நிறுத்தி, அவள் நடையைப் பார்த்து, அந்த நடையிலேயே டீ பாதி ஆறிவிட்டது என்கிற மாதிரி ஒன்று சொன்னார். கூடம் முழுக்கச் சிரித்தது. முன்வரிசையில் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இருபது வருஷத்துக்கு முன்னால் நாடக மேடைகளில், முந்தானையை வாயில் வைத்து நின்ற டான்ஸ்காரிகளிடம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மைக்கை அணைத்திருக்கலாம், சுவிட்ச் என் விரலுக்கு அருகில்தான் இருந்தது. அது ஒயரைப் பிடுங்குகிறவர்கள் செய்கிற வேலை. நான் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தேன். பக்கத்தில் நின்ற என் கடைப் பையன் வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். அவனுக்கு அடுத்திருந்த மளிகைக் கடைக்காரரும் நிறுத்தினார். ஓரமாக இருந்த ஒரு மூலை அப்படியே அடங்கியது. விருந்தினருக்கு அது தெரிந்துவிட்டது. எங்களுக்குக் காதில் விழவில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது. எங்கள் பக்கம் திரும்பி, இன்னும் சத்தமாக, அதையே மறுபடியும் சொன்னார்.

சலேத்தம்மாவிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இரண்டாவது தடவையும் நான் சிரிக்கவில்லை.